வலைக்கூடத்து மேசை: ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் எழுத்துதவிச் சேவை பற்றிய மதிப்புரை

பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் செல்லும் சாலையில், தென்கடல் பக்கம் இறங்கும் ஒரு மணல்தெருவின் முடிவில், மீனவர்கள் வலை பொத்துவதற்காகக் கட்டப்பட்ட கூடம் இருக்கிறது. மூன்று பக்கம் சுவரில்லாத அந்தக் கூடத்தின் கோடியில் இரண்டு மேசைகளைப் போட்டுக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆறு பேர், மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, அலுவலகங்களிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்வது, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது ஆகிய வேலைகளைக் கட்டணம் ஏதுமின்றிச் செய்துவருகிறார்கள். 2024 அக்டோபர் தொடங்கி என் தாயாருக்காகவும் சித்திக்காகவும் நான் அங்கே ஐந்து முறை சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். அந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் ‘பெரியவங்க மேசை’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நாளில் இருபது பேருக்கு மேல் கவனிக்க இயலாது என்பதால், வெளியூர்களிலிருந்து பேருந்து ஏறி வந்து யாரும் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாதென்று கருதி, இதற்கு மேல் அடையாளம் சொல்ல வேண்டாமென்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

என் தந்தையார் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரு கரையிலும், உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கும் தண்டவாளத்தை நடந்து நடந்து பார்ப்பதிலேயே அவருடைய பணிக்காலம் கழிந்தது. அவர் மறைந்தபின் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அது தடையில்லாமல் வர வேண்டுமானால் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். இது சிறிய வேலைபோலத் தோன்றும். ஆனால் தாயார் கல்யாணமாகி வந்த நாள் முதல் அறுபது வயது வரை கடற்பாசி எடுத்தவர். மரிக்கொழுந்துப் பாசி பவளப்பாறையோடு ஒட்டி வளர்வது. அதை மூழ்கி விரலால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். பாசிக்குப் போகும் பெண்கள் விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள் என்றாலும், துணி நனைந்து நழுவியபின் பாறை தோலைத்தான் தேய்க்கும். நாற்பது ஆண்டுகள் அப்படித் தேய்ந்த விரல்களில் ரேகை என்று ஒன்று இருக்கிறதா என்பதே ஐயம். கைரேகைக் கருவி அவரை அடையாளம் காண மறுத்தது. வங்கியில் முயன்றோம், பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் முயன்றோம். இரண்டு இடத்திலும், ரேகை பதியவில்லை என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு மீன் வியாபாரி அக்காதான் வலைக்கூடத்துக்குப் போகச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியரான அம்மையார், தாயாரின் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். “ஆத்தா பாசிக்குப் போனவங்களா?” என்றுதான் முதலில் கேட்டார், எந்த ஆவணம் இருக்கிறது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. ஜீவன் பிரமாண் என்ற இணையவழி உயிர்வாழ் சான்று முறை 2014 நவம்பரில் தொடங்கப்பட்டபோது கைரேகையும் கருவிழியும்தான் வழியாக இருந்தன என்றும், 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று அளித்துவிடலாம் என்றும், அதற்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை என்றும் அவர் சொன்னபோது, முன்பு அலைந்த இரண்டு இடங்களிலும் இந்தச் செய்தியை ஒருவரும் சொல்லாமற்போனது எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது. தாயாரைக் கடலை நோக்கி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்தார்கள். செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லிற்று. தாயாரோ, படம் எடுக்கும்போது அசையக்கூடாது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். கண்ணை அகல விழித்துக்கொண்டு கற்சிலைபோல இருந்தார். நான்கு முறை தவறியது. அப்போது பக்கத்தில் இருந்த முதிய மீனவர், “ஆத்தா, கச்சான் அடிச்சு மண்ணு பறக்குது, கண்ணத் தொறந்தா வச்சிருப்பீங்க?” என்றார். தாயார் சிரித்தார், சிரிப்போடு கண்ணும் சிமிட்டியது, சான்று பதிவாகிவிட்டது. சான்றின் எண்ணை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அதை மடித்து, தாயாரின் சுருக்குப்பைக்குள் வைத்தார்கள்.

வேறோர் இடமாக இருந்திருந்தால் வேலை அத்துடன் முடிந்திருக்கும். நாங்களும் எழுந்துவிட்டோம். ஆனால் மேசையின் மறுபக்கம் இருந்த ஐயா, அரசுத் துறை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், ஓய்வூதிய ஆணையின் நகலும் வங்கிப் புத்தகமும் கையில் இருந்தால் பார்க்கலாமா என்று கேட்டார். பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, தாயாருக்கு 80 வயது எப்போது நிறைந்தது என்று கேட்டார். 2023 ஜூனில் என்றோம். மத்திய அரசு மற்றும் ரயில்வே ஓய்வூதியம் பெறுவோருக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். 85-இல் அது 30 சதவீதமாகும். 90-இல் 40, 95-இல் 50, நூறு வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியம் இரட்டிப்பாகும். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது உண்டு. தாயாரின் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாய். ஆகவே மாதம் 1,800 ரூபாயும் அதன் மேல் அகவிலைப்படியும் பதினாறு மாதங்களாக வராமல் இருந்திருக்கிறது. காரணம், தந்தையார் பெயரில் வந்த ஓய்வூதிய ஆணையில் தாயாரின் பிறந்த தேதி குறிக்கப்படவே இல்லை. தேதி இல்லாவிட்டால் வங்கியின் கணினிக்கு அவர் எண்பதைக் கடந்தது தெரிய வழியில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவன். அந்த ஆணையைப் பலமுறை கையில் எடுத்தும் இருக்கிறேன். எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. இதைப் படிப்பவர்களின் வீட்டில் எண்பது கடந்த தாயோ தகப்பனோ அத்தகைய ஓய்வூதியம் பெறுகிறார்கள் என்றால், இன்றே ஆணையை எடுத்து, பிறந்த தேதி அதில் இருக்கிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சரிசெய்யக் கேட்டு வங்கிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைக் கணக்கர் ஐயா முதலில் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதினார். எழுதியதைத் தாயாரிடம் மெதுவாகப் படித்துக்காட்டி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சரியா’ என்று கேட்டு, அதன் பிறகே நல்ல தாளில் மைப்பேனாவால் எழுதினார். கையெழுத்திடுபவருக்கோ ரேகை வைப்பவருக்கோ படித்துக்காட்டாத கடிதம் அந்த மேசையிலிருந்து போகக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. தமது பெயரால் என்ன எழுதப்படுகிறது என்பதை என் தாயார் முழுமையாகக் கேட்டது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். வீட்டில் நாங்களே எழுதி, இங்கே வையுங்கள் அம்மா என்று இடத்தை மட்டும் காட்டிப் பழகியிருந்தோம்.

ஒரு பிழையும் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. ஓய்வூதிய ஆணையில் தாயாரின் பெயருக்கு முன் கணவரின் தலைப்பெழுத்தும், ஆதார் அட்டையில் அவருடைய தகப்பனாரின் தலைப்பெழுத்தும் இருந்தன. இந்த வேறுபாட்டைக் கடிதத்தில் குறிப்பிட்டு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழி இணைத்திருக்க வேண்டும்; அது விடுபட்டுப்போயிற்று. மூன்று வாரம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போனபோது, கணக்கர் ஐயா யார்மீதும் பழி சொல்லாமல், பதிவேட்டைத் திறந்து எங்கள் வரிசையில் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமும் இட்டார். மறுநாள் காலை 74 வயதில் தாமே பேருந்தேறி ராமநாதபுரம் வந்து, திருத்திய கடிதத்தை வங்கியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். பேருந்துக் கட்டணத்தை நான் கொடுக்க முயன்றபோது, தவறு என்னுடையது, செலவும் என்னுடையது என்று மறுத்துவிட்டார். 2025 மார்ச் மாதம் நிலுவைத்தொகை முழுவதும் வரவாயிற்று.

அந்த ஆறு பேரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்கரையும் செவிலியரையும் சொன்னேன். மூன்றாமவர் வளைகுடா நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் அலுவலக உதவியாளராக இருந்து திரும்பிய கீழக்கரைக்காரர். பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டில் சம்பளம் நிலுவையாகிப்போனவர்களின் விவகாரங்கள் ஆகியவை அவர் பொறுப்பு. மற்றொருவர் தபால் அலுவலகத்தில் இருந்தவர். கணினி வேலை முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. ஐந்தாமவர் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். வருவோரைப் பதிவேட்டில் எழுதி, காத்திருப்போருக்குத் தண்ணீர் கொடுத்து, யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் அவர். கைக்குழந்தையோடு வருபவர், மருந்து சாப்பிடும் நேரம் தவறக்கூடாதவர், மீன் விற்கப் போக வேண்டியவர் ஆகியோரை வரிசை பார்க்காமல் முன்னே அழைக்கும் உரிமையை மற்றவர்கள் அவரிடமே விட்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரை யாரும் அதற்காகச் சண்டையிட்டதில்லை.

ஆறாமவர்தான் தாயாரைச் சிரிக்கவைத்த மீனவர். எழுபதைக் கடந்தவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நாட்டுப்படகில் ஐம்பது ஆண்டுகள் தொழிலுக்குப் போய், இடுப்பு ஒத்துழைக்காமல் கரையேறியவர். படிவங்களை நிரப்ப அவரால் முடியாது. ஆனாலும் அந்த மேசைக்கு அவர் இன்றியமையாதவர் என்பதை இரண்டாம் முறை சென்றபோது புரிந்துகொண்டேன். படிவம் கேட்பது ஒரு மொழி, வருபவர் சொல்வது வேறு மொழி. ‘கலனின் வகை’ என்று படிவம் கேட்கும். வந்தவர் வத்தை என்பார், வல்லம் என்பார். அவற்றின் நீளம், எஞ்சின், பதிவு ஆகியவற்றைக் கேட்டு, இது இன்ன பிரிவில் வரும் என்று கணக்கருக்குச் சொல்பவர் அவரே. வந்தவர் சொல்வதில் உண்மை எது, பயத்தில் மறைப்பது எது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அவர் ஒவ்வொருவரிடமும் தவறாமல் சொல்லும் ஒன்று, எல்லா ஆவணங்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு உறவினர் வீட்டில் வைக்க வேண்டும் என்பது. நகலுக்குப் பணமில்லாதவருக்குத் தம் பையிலிருந்து கொடுக்கிறார். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அவர் அங்கே பத்து வயதுச் சிறுவன். பிழைத்துக் கரையேறிய குடும்பத்திடம் உடுத்தியிருந்த துணியைத் தவிர எதுவும் இல்லை. வீடு இருந்தது என்பதற்கும் படகு இருந்தது என்பதற்கும் துண்டுத்தாள்கூட மிஞ்சவில்லை. அவருடைய தகப்பனார் தம்மை இன்னார் என்று நிரூபிப்பதற்கே பல ஆண்டுகள் அலைந்தார். “கடல் எடுத்ததக்கூட எங்கப்பா பெரிசாச் சொல்லமாட்டாரு, தாளு கேட்டாங்களேன்னுதான் சாகுறவரைக்கும் சொன்னாரு” என்றார். அந்தக் குடும்பத்தின் அலைச்சலை அறிந்த பிறகு, அந்த பிளாஸ்டிக் உறை எனக்கு வேறு மாதிரியாகத் தெரிந்தது. அன்று மாலையே வீட்டு ஆவணங்கள் அனைத்துக்கும் நகல் எடுத்தேன்.

சேவையின் தரத்தை அறிய வேண்டுமானால் அவர்களுடைய பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நீளமான கணக்கு நோட்டு. வந்தவர் பெயர், விவரம், அனுப்பிய தேதி, எந்த அலுவலகம், பதில் வர வேண்டிய நாள், கடைசியாக ‘முடிந்ததா’ என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் வந்து அமர்ந்ததும் முதல் வேலையாக நிலுவையில் உள்ளவற்றை வரிசையாக வாசிக்கிறார்கள். நாள் கடந்தவற்றுக்கு உரியவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். எனக்கும் இரண்டு முறை அழைப்பு வந்தது. மனு எழுதிக்கொடுப்பதோடு பொறுப்பு தீர்ந்தது என்று கருதும் இடங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்தத் தொடர்ச்சிதான் எல்லாவற்றினும் மதிப்புடையதாகத் தோன்றுகிறது. கூடத்தில் எந்நேரமும் காற்று. அதனால் தாள்களின் மேல் வலையின் ஈயக்குண்டுகளை வைத்திருக்கிறார்கள். பச்சை நூல் கட்டிய குண்டு மீன்வளத் துறைக்கு, சிவப்பு நூல் வருவாய்த் துறைக்கு, நூலில்லாதது வங்கிக்கு. தூரத்திலிருந்தே எந்தக் கட்டு எதுவென்று தெரிகிறது.

கூட்டம் மிகுந்த காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்படுகிறது. அது தவிர, மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் திட்டமும், மீன்வரத்துக் குறையும் மழைக்காலத்துக்கான உதவித்தொகையும், இறப்போ முழு ஊனமோ நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய் தரும் குழு விபத்துக் காப்பீடும் உண்டு. பணம் வராதவர்களில் பெரும்பாலோரின் சிக்கல், தகுதி இல்லாததால் வந்ததன்று. குடும்ப அட்டையில் பெயர் ஒருவகையாகவும் வங்கிக் கணக்கில் வேறுவகையாகவும் இருப்பது, கணக்கு நீண்டகாலம் இயங்காமல் முடங்கியது, ஆதாரோடு இணைந்திருப்பது பழைய கணக்கு என்பது போன்ற மிகச் சிறிய காரணங்கள்தாம். அவற்றைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது பெரிய அறிவு எதுவுமில்லை. ஒரே தாளை இரண்டு முறை படிக்கும் பொறுமையே போதும். வரிசையில் நூறு பேரை வைத்துக்கொண்டிருக்கும் அலுவலரிடம் அந்த நேரம் இல்லை. இந்த ஆறு பேரிடம் இருக்கிறது. அதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

கனமான விவகாரங்களும் வருகின்றன. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவி ஒருவர் நான் இருந்தபோது வந்தார். உடல் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்று எளிதில் கிடைப்பதில்லை. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதவரையே சட்டம் இறந்தவராகக் கருதுகிறது. அந்தப் பெண்ணிடம் செவிலியர் அம்மையார் அரைமணி நேரம் படிவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுதுவது முறையன்று.

என் சித்தியின் விவகாரம் எளிமையானது. அவருக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை, அதாவது 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட தொகை, காரணம் சொல்லப்படாமல் நின்றுபோயிருந்தது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு, பரிசீலனையில் உள்ளது என்ற பதில் மட்டும் வந்தது. மேசையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உதவித்தொகை எந்த நாளில், எந்த ஆணையின்படி, என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார்கள். நான் என் ஆதங்கத்தையெல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கணக்கர் அதை மரியாதையோடு வாங்கிப் படித்துவிட்டு, “சார், கோபத்துக்குப் பதில் எழுத அவங்களுக்குப் படிவம் இல்லை, கேள்விக்கு உண்டு” என்றார். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 26-ஆம் நாள் பதில் வந்தது. சித்தி ஊரில் இல்லாத ஒரு நாளில் நடந்த சரிபார்ப்பில் ‘முகவரியில் இல்லை’ என்று குறித்திருந்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் தொகை மீண்டும் வரத் தொடங்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. சுவரில்லாத கூடத்தில் பேசுவதெல்லாம் பக்கத்தில் வலை பொத்துபவர்களின் காதில் விழுகிறது. மூத்தகுடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன்படி, பெற்ற பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வரும் முதியவர்கள், ஊர் கேட்க எப்படிப் பேசுவார்கள்? ஒருவர் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, ரேஷன் அட்டை பற்றி ஏதோ கேட்டுத் திரும்பிப்போனதை நானே பார்த்தேன். சனிக்கிழமை மாலை பெண்களுக்கென்று செவிலியர் தனியாக அமர்கிறார் என்றாலும், எல்லா நாளுக்கும் ஒரு தட்டியாவது வைத்து மறைக்க வேண்டும். கூடத்துக்கு மூன்று உயரமான படிகள் உள்ளன. பிடித்து ஏறக் கம்பி இல்லை. முதியவர்களுக்காக முதியவர்கள் நடத்தும் இடத்தில் இது பெருங்குறை. கீழே பூவரச மரத்தடியில் பெஞ்சு போட்டு, ஏற முடியாதவர்களிடம் தாங்களே இறங்கி வருகிறார்கள். மழைநாளில் அதுவும் இயலாது. கணினி வேலை ஒரே ஒருவரை நம்பியிருப்பது மற்றொரு குறை. தபால்காரர் ஐயா கண்புரை அறுவைச்சிகிச்சைக்காக மூன்று வாரம் வராமலிருந்தபோது இணையவழி வேலைகள் அனைத்தும் நின்றுபோயின. சித்தியின் வங்கிக் கணக்கு இணைப்பு அதனால்தான் தாமதமாயிற்று. பள்ளி முடித்த இளைஞர்கள் இருவரையாவது பழக்க வேண்டும் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள், இன்னும் நடக்கவில்லை.

வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்கு இ-சேவை மையமே விரைவானது. அதற்காக இந்த மேசையில் இடத்தை அடைக்க வேண்டாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், பணம் நின்றுபோனவர்கள், தமக்கு எது உரியது என்றே அறியாதவர்கள் ஆகியோருக்கு இதற்கு ஈடான இடத்தை நான் இந்த மாவட்டத்தில் கண்டதில்லை.

நான் 2024 மே மாதம் பணி ஓய்வுபெற்றேன். அதன் பிறகு வந்த ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாளை என்னால் மறக்க முடியாது. ஓய்வூதியம் வயிற்றுக்குப் போதும். காலை ஒன்பது மணிக்கு அது எதுவும் செய்வதில்லை. அந்த ஆறு பேரை நான் கூர்ந்து கவனித்ததற்கு இதுவும் காரணம். ஒன்பதரை மணிக்குத் திறக்க வேண்டும் என்றால் ஒன்பதேகாலுக்கே நான்கு பேர் வந்துவிடுகிறார்கள். வர இயலாத நாளில் முன்கூட்டியே சொல்லி, பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டுத் தாள், மை, இணையச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். மீனவர் மட்டும் 50 ரூபாய் கொடுக்கிறார், அதைக் குறைவென்று யாரும் எண்ணுவதில்லை. நன்றிக்காக மீன் கொண்டுவருபவர்களிடம் அதை வாங்குவதில்லை. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவரின் வீட்டைக் காட்டி அனுப்புகிறார்கள். செவிலியர் அம்மையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பணியில் இருந்த காலத்தைவிட இப்போது மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுவதாகவும், பதினொன்றரைக்குத் தலைசுற்றினால் வரிசையில் இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்றும் சொன்னார். தீவின் பொது இடங்கள் பலவற்றிலும் இருப்பதுபோல இங்கும் அப்துல் கலாமின் படம் இருக்கிறது. 83 வயதில், 2015 ஜூலை 27 அன்று, ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்தவர் அவர் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே படத்துக்குக் கீழே கடிகாரத்தை மாட்டியிருக்கிறார்கள்.

புதிதாகச் சேர விரும்புவோரை அவர்கள் உடனே மேசையில் அமர்த்துவதில்லை. முதல் ஒரு மாதம் பதிவேட்டருகே உட்கார்ந்து கேட்க மட்டுமே செய்ய வேண்டும், பேனாவைத் தொடக்கூடாது. வருபவரைக் கடிந்துகொள்ளக்கூடாது, கேட்காத அறிவுரை சொல்லக்கூடாது என்பவை மற்ற இரண்டு நிபந்தனைகள். ‘இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று வந்தவர்களை அதட்டிய ஒருவரை, அவர் பெரிய பதவியில் இருந்தவர் என்றபோதும், இரண்டாம் வாரமே நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஆசிரியராக இருந்தவனுக்கு, கேட்காத அறிவுரை சொல்லக்கூடாது என்ற நிபந்தனை எளிதன்று. வருகிற தை மாதம் முதல் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பதிவேட்டருகே அமர்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

செல்ல விரும்புவோர் காலை 9.30 முதல் 12.30 வரையிலும், மாலை 4 முதல் 6 வரையிலும் போகலாம். வெள்ளி மாலையும் ஞாயிறும் கிடையாது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் மூலத்தையும், அதுவரை வந்த கடிதங்கள் அனைத்தையும், பயனற்றவை என்று நீங்கள் நினைப்பவற்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். யாருக்காகப் போகிறீர்களோ அவரையும் அழைத்துச் செல்லுங்கள், அவரிடம்தான் பேசுவார்கள்.

சென்ற முறை போனபோது, எங்கள் வரிசையில் ‘முடிந்ததா’ என்ற கட்டம் இன்னும் நிரப்பப்படாமல் இருப்பதைக் கண்டு, நிலுவை முழுதும் வந்துவிட்டதே என்று கணக்கரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். பென்சிலால் எழுதியிருந்தது: ‘ஜூன் 2028, அம்மாவுக்கு 85, 30 சதவீதம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.’